நடுங்கும் கைக்கு ஒரு லென்ஸ்

எங்கள் போட்டோகிராபர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். செயலாளர் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "அண்ணே, இப்ப நெறைய பேருக்கு கை ஆடுது. சுகரு, பிரஷரு, என்னென்னவோ. கை நடுங்கறவங்க எந்த ஸ்டெபிலைசர் லென்ஸ் வாங்கலாம்னு எழுதிக் குடுங்க. உங்கள விட்டா அதுக்கு வேற யாரு இருக்காங்க?" என்றார். கடைசியில் சொன்னது புகழ்ச்சியா கிண்டலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. கை நடுங்க நடுங்கப் பதினைந்து வருஷம் கல்யாணப் படம் எடுத்தவன் இந்தச் சுற்று வட்டாரத்தில் நான் ஒருவன்தான், அதுவரைக்கும் அவர் சொன்னது சரி. எழுதித் தருகிறேன் என்றேன். ஆனால் லென்ஸ் விவரத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போடக் கூடாது, அந்த லென்ஸால் எனக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

திண்டிவனத்தில் பாஸ்போர்ட் படமும் காதுகுத்துப் படமும் எடுத்துத் தொழில் பழகினேன். விழுப்புரம் தனி மாவட்டமான தொண்ணூற்று மூன்றில் அங்கே ஒரு பெரிய ஸ்டுடியோவில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். மாவட்டம் பிரிந்த புதிதில் ஊரெல்லாம் திறப்பு விழா, பாராட்டு விழா. எங்களுக்கு ஓய்வே இல்லை. முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம்.

மொதலாளி பெயர் பக்தவத்சலம். எப்போதும் வாயில் வெற்றிலை. பேசினால் சாறு சட்டையில் சிந்துமே என்பதற்காகவே பேசாமல் இருக்கிறாரோ என்று தோன்றும். பாண்டிச்சேரி லேபிலிருந்து பிரிண்ட் வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நன்றாக வந்த படத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆடிப்போன படத்தை மட்டும் மேஜையில் கவிழ்த்து வைப்பார். சாயங்காலம் எத்தனை படம் கவிழ்ந்து கிடக்கிறது என்று பார்த்தால் நம் யோக்கியதை தெரிந்துவிடும். நாலு வார்த்தை திட்டித் தொலைக்கக் கூடாதா என்று இருக்கும்.

தாலி கட்டும் படத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஐயர் மாங்கல்யத் தட்டைச் சபைக்கு அனுப்பியதுமே பாதி ரோல் மிச்சம் இருந்தாலும் கழற்றிவிட்டுப் புது ரோல் போட வேண்டும். ஃப்ளாஷுக்குப் புது பேட்டரி. முதுகைத் தூணிலோ வீடியோக்காரர் தோளிலோ சாய்த்து, இரண்டு முழங்கையையும் விலாவில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் பாதி மூச்சை விட்டு மீதியை நிறுத்த வேண்டும். அப்போது பார்க்க வேண்டியது மாப்பிள்ளையின் கையையும் தாலியையும். பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் முடிச்சு போய்விடும். அட்சதை பறக்கும்போது அழுத்தினால் அரிசி வெள்ளை வெள்ளையாக முகத்தில் அப்பிக்கொள்ளும், அதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். இந்த முறை எனக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குச் சாப்பிடப் போனாலும் என் கண் தாலிக்குத்தான் போகிறது.

சேர்ந்து மூன்று நான்கு வருஷத்தில் கை ஆட ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸில்தான் தெரிந்தது. கிளாஸ் வாய்க்குப் போய்ச் சேருவதற்குள் சட்டையில் இரண்டு சொட்டு விழும். மொதலாளி அதைப் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் பாதி கிளாஸ் டீ வந்தது. அதைக் குடித்த பிறகு மீதிப் பாதி வரும். மொதலாளி சொல்லித்தான் அப்படி என்று டீக்கடைக்காரர் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று பின்கட்டில் போய் நின்று அழுதேன். அவர் இரக்கப்பட்டதற்கு அழுதேனா, கண்டுபிடித்துவிட்டார்களே என்று அழுதேனா, தெரியாது.

பாண்டிச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். தாளில் சுருள் வரையச் சொன்னார். நான் வரைந்தது சேமியா கொட்டினது போல இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "இது பரம்பரையா வர்ற நடுக்கம். பயப்பட வேணாம், உயிருக்கு ஒண்ணும் இல்ல. கைய மடியில வச்சா ஆடாது. எதையாவது தூக்கிப் புடிச்சாத்தான் ஆடும். என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். போட்டோகிராபர் என்றேன். பேனாவை மூடினார். பிறகு, "மாத்திரை தர்றேன், முழுசா போகாது. இன்னொண்ணு, ரெண்டு பெக் உள்ள போனா இந்த நடுக்கம் கொஞ்ச நேரம் நிக்கும்னு யாராவது சொல்லுவாங்க. நெசந்தான். ஆனா செய்யாதீங்க. அப்புறம் அது இல்லாம நிக்காது" என்றார். மாத்திரை போட்டால் தூக்கம் தூக்கமாக வந்தது. ஒரு ரிசப்ஷனில் நாற்காலியில் உட்கார்ந்து குறட்டை விட்ட பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

அதற்கப்புறம் என்னைக் காப்பாற்றியது ஃப்ளாஷ்தான். கண் சிமிட்டுவதற்குள் அடித்து அணைந்துவிடும் வெளிச்சம் அது. அந்தத் துளி நேரத்தில் கை எவ்வளவுதான் ஆடிவிடும்? என் கையில் கேமரா கூத்தாடினாலும் படம் ஆணி அடித்தது போல நிற்கும். மொதலாளியின் மேஜையில் கவிழ்ந்து கிடந்த படங்களில் என்னுடையவை மற்றவர்களைவிட அதிகம் இல்லை. அந்தத் தெம்பில்தான் அவர் காலமான பிறகு திண்டிவனத்துக்குத் திரும்பி வந்து சொந்தக் கடை போட்டேன்.

கடை போட்ட கொஞ்ச நாளிலேயே டிஜிட்டல் வந்தது. கூடவே ஒரு புது ஆசையும் வந்தது: ஃப்ளாஷ் வேண்டாம், இருக்கிற வெளிச்சத்திலேயே இயல்பாக எடுங்கள் என்றார்கள். ஃப்ளாஷை அணைத்ததும் என் கை அம்பலத்துக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்குக் கேமராவின் முதுகிலேயே திரை. மாப்பிள்ளையின் தம்பி அங்கேயே வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது?" என்பான். மயிலம் மலைக்கோயிலில் ஒரு கல்யாணம். கூட்டத்தில் ட்ரைபாட் விரிக்க இடமில்லை. கேமராவைத் தூக்கினேன், கை ஆடியது, எதிரே நின்ற பெரிய மனுஷர் ஒருத்தர் சத்தமாகவே கேட்டார்: "இன்னாய்யா, விடியறதுக்குள்ளயே ஏத்திக்கினு வந்துட்டியா? சாமி சன்னதியில கூடவா?" சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அதுவரைக்கும் நான் ஒரு சொட்டு தொட்டதில்லை.

தொடாதவனைக் குடிகாரன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. முன்பணம் கொடுக்க வந்தவர்கள்கூட என் கையைப் பார்த்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிக்கொண்டு வருகிறோம் என்று போனார்கள். அப்போதுதான் டாக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு முகூர்த்தத்துக்குப் போகும் வழியில் ஒயின் ஷாப்பில் நின்று இரண்டு பெக் போட்டுவிட்டுப் போனேன். கை நின்றது. கல் போல நின்றது. அன்றைக்கு எடுத்ததைப் போல ஒரு ஆல்பம் நான் எடுத்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சாரதா வாசற்படியிலேயே மோப்பம் பிடித்துவிட்டாள். கத்தவில்லை. "ஊரு இத்தினி நாளா பொய் பேசிக்கினு இருந்திச்சி. இன்னிக்கி நீங்க அத நெசமாக்கிட்டு வந்து நிக்கறீங்க" என்றாள். உள்ளே போனவள் திரும்பி வந்து, "ஆடற கைக்குன்னு ஏதோ லென்ஸு வந்திருக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, அத வாங்குங்க. எதை வித்தாவது வாங்குங்க" என்றாள். இப்படித்தான் நான் லென்ஸ் வாங்கச் சென்னைக்குப் போனேன்.

செயலாளர் கேட்டது இங்கேதான் வருகிறது, நிதானமாகச் சொல்கிறேன். ஷட்டர் வேகத்தில் இத்தனை ஸ்டாப் இறங்கினாலும் ஸ்டெபிலைசர் தாங்கும், அத்தனை ஸ்டாப் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது நல்ல கைக்காரர்கள் போட்ட கணக்கு. உங்கள் ஆட்டம் உங்களுக்கு. கடை வாசலில் நின்று எதிர்ச்சாரியில் சின்ன எழுத்துள்ள பெயர்ப் பலகை ஒன்றைக் குறி வையுங்கள். ஷட்டர் வேகத்தை நொடியில் அறுபதில் ஒன்று, முப்பதில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வேகத்திலும் ஸ்டெபிலைசரை அணைத்துச் சில படம், போட்டுச் சில படம். பிறகு எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த வேகத்தில் முக்கால்வாசிப் படம் தேறுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. அதற்குக் கீழே போகாதீர்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், காபி குடித்துவிட்டும் போகாதீர்கள், இரண்டிலும் கை கூடுதலாக ஆடும். லேசான லென்ஸ் நல்லது என்று நினைப்போம். ரொம்ப லேசாக இருந்தால் அதுவும் கையோடு சேர்ந்து ஆடும். ரொம்பக் கனமாக இருந்தால் முதல் அரைமணி நேரம் கையை அமுக்கி வைக்கும், பிறகு தோள் விட்டுப்போய் இரண்டு பங்கு ஆடும். நடுத்தரமாக ஒன்று பாருங்கள். பட்டனைப் பாதி அழுத்திவிட்டு ஒரு நொடி பொறுக்க வேண்டும், லென்ஸ் நிதானத்துக்கு வர அந்த நேரம் தேவை. ட்ரைபாடில் வைத்தால் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சில லென்ஸ்கள் இல்லாத ஆட்டத்தைத் தேடிப்பிடித்துத் தாங்களே ஆடும்.

அன்றைக்குக் கடைக்காரர் என் கையைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார். "சார், முதல்ல கேமரா வாரக் கழுத்துல மாட்டிக்கங்க" என்றார். மாட்டிக்கொண்டேன். கண்ணை வைத்துப் பட்டனைப் பாதி அழுத்தினேன். லென்ஸுக்குள் மெல்லிய ரீங்காரம் கேட்டது. குதித்துக்கொண்டிருந்த தெரு மெல்ல அடங்கி நின்றது. பலகை நின்றது, அதற்குக் கீழே இளநீர் வெட்டுகிறவர் நின்றார், எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது. கேமராவை இறக்கினால் கை ஆடுகிறது. கண்ணில் வைத்தால் உலகம் நிற்கிறது. பத்து வருஷத்துக்கு மேலாக நான் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. கடையிலேயே கண் கலங்கிவிட்டது. தூசு விழுந்துவிட்டது என்று சமாளித்தேன்.

அந்த லென்ஸ் வந்த பிறகு சில வருஷம் நன்றாகத்தான் போனது. படம் நின்றது. ஒயின் ஷாப் பக்கம் மறுபடி போகவில்லை. ஊர் வாய் மூடவில்லை என்றாலும் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு வேலை கொடுத்தார்கள். எனக்கும் தைரியம் வந்துவிட்டது. ஷட்டரை இறக்கிக்கொண்டே போனேன். லென்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தேன்.

ஒரு ஐப்பசியில் மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து மேகலா என்று ஒரு பெண் போன் செய்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் குறித்திருந்தார்கள். அப்பா தேசப்பன் கடல் தொழில் செய்தவர்; மஞ்சள் காமாலை முற்றி ஈரல் கெட்டுப் படுத்துவிட்டார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்படி ஆனால் எங்கள் பக்கத்தில் தைக்காகக் காத்திருக்க மாட்டார்கள். மண்டபம், பந்தல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பெற்றவர் கண் மூடுவதற்குள் கட்டிலுக்கு எதிரிலேயே தாலி கட்டிவிடுவார்கள்.

"நாளைக்கு காலையில வர்றீங்களாண்ணா? பெரிசா ஒண்ணும் வேணாம்" என்றாள் மேகலா. "எனக்கு அப்பாகூட எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல. அவரு என் தலையில கை வச்சி ஆசீர்வாதம் பண்ற மாரி ஒண்ணு வேணும். அது ஒண்ணு கெடச்சாப் போதும்."

விடிந்தும் விடியாத நேரத்தில் போனேன். மழை மேகம். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு மங்கலான குண்டு பல்ப், சுவரை ஒட்டி நெருக்கிக்கொண்டு பதினைந்து இருபது பேர். தேசப்பனின் உடம்பில் மஞ்சள் ஏறி, வயிறு ஊதி, கண் பாதி மூடியிருந்தது. நான் ஃப்ளாஷை எடுத்து மாட்டினேன். மேகலா கல்யாணப் புடவையோடு எழுந்து என் பக்கத்தில் வந்தாள். "அண்ணா, அந்த லைட்டு மட்டும் அடிக்காதீங்க. வெளிச்சம் பட்டா அப்பா தூக்கிவாரிப் போட்டு அழுவுது" என்றாள். கழற்றி வைத்துவிட்டேன். லென்ஸ் இருக்கிறதே.

அந்த மங்கலுக்கு என் கேமராவில் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி வெளிச்சத்தை ஏற்றினால் படம் முழுக்கக் கேப்பை தூவினது போலப் புள்ளி விழும். அதனால் ஷட்டர் வேகத்தை இறக்கினேன், நொடியில் எட்டில் ஒன்றுக்கு. கதவில் சாய்ந்து, முழங்கையை ஒட்டி, மூச்சைப் பிடித்தேன். தாலி ஏறியது. பெண்ணும் மாப்பிள்ளையும் கட்டிலோரம் குனிந்தார்கள். மேகலாவின் அம்மா புருஷனின் காதருகில் போய், "ஏங்க, புள்ள குனிஞ்சிக்கினு இருக்குது பாருங்க. கைய வைங்க" என்றார். தேசப்பன் கண்ணைத் திறந்தார். கை தானாகவே எழுந்தது. யாரும் தாங்கவில்லை. எழுந்து, மகள் தலைக்கு மேலே வந்து, தலையைத் தொட்டது.

நான் பட்டனைப் பாதி அழுத்தி ஒரு நொடி பொறுத்தேன். கட்டில் நின்றது, சுவர் நின்றது, புடவைச் சரிகை நின்றது. நிற்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். பல வருஷமாக நான் கவலைப்பட்டதெல்லாம் அது ஒன்றைப் பற்றித்தானே. மூன்று படம் எடுப்பதற்குள் அவர் கை சரிந்து விழுந்தது. மறுபடி எழவில்லை. திரையில் தாலியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தது. நிம்மதியாகக் கேமராவை மூடினேன்.

அந்த வாரமே தேசப்பன் போய்விட்டார். கடையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவருக்கும் கை ஆடியிருக்கிறது. ஈரல் கெட்டவர்களுக்கு அப்படி ஆடுமாம், பிற்பாடு தெரிந்துகொண்டேன். கட்டில் சுத்தமாக இருந்தது, தலையணை உறையின் பூ சுத்தமாக இருந்தது, அவர் முகம்கூடத் தெரிந்தது. மகள் தலைமேல் கை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு கலங்கல். மூன்று படத்திலும் அதேதான். லென்ஸ் என் கையை நிறுத்தியது. அவர் கையை அது எப்படி நிறுத்தும்? ஷட்டரை ஏற்றியிருக்க வேண்டும், புள்ளி விழுந்தால் விழட்டும் என்று விட்டிருக்க வேண்டும். இதை எந்தக் கத்துக்குட்டியும் சொல்லிவிடுவான். தன் கையைத் தவிர வேறொன்றும் ஆடாது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் அது தோன்றாது.

காரியம் முடிந்து தாயும் மகளும் வந்தார்கள். அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கை எங்க போட்டோக்காரரே?" என்றார். நான் விளக்கப் பார்த்தேன். "அவரு வச்சாரே, நானே பாத்தேனே. புகை மாரி இல்ல இருக்குது. கையில்லாத ஆசீர்வாதமா எம்புள்ளைக்கி?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். மேகலா அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சரி பண்ணித் தருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

எங்கள் தொழிலில் இதெல்லாம் சகஜம். இறந்தவரின் மூடிய கண்ணைத் திறந்து வைத்திருக்கிறோம், வராத மாமனைக் குடும்பப் படத்தில் நிறுத்தியிருக்கிறோம். ஒரு கை ஒட்டுவது பெரிய விஷயமில்லை. யார் கையை ஒட்டுவது என்பதுதான் கேள்வி. வயதான ஆம்பிளைக் கை வேண்டும். ஸ்டுடியோவில் கறுப்புத் துணிக்கு முன்னால் என் வலது கையை நீட்டினேன். இரண்டு பக்கமும் ஃப்ளாஷ் வைத்தேன். சாரதா பட்டனை அழுத்தினாள். ஆடிக்கொண்டிருந்த கை ஃப்ளாஷில் அசையாமல் விழுந்தது. நிறத்தை மாற்றி, மஞ்சள் ஏற்றி, மேகலாவின் தலையில் கொண்டுபோய் வைத்தேன். ஒட்டு தெரியவே இல்லை.

மறுபடி வந்தார்கள். அம்மா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதான், இதான் அவரு கை" என்றார். எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். பஸ் வந்துவிடப் போகிறது என்று அவர் முன்னால் போய் ரோட்டோரம் நின்றார். மேகலா மட்டும் படத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"யாரு கைண்ணா இது?"

நான் மேஜைக்குள் கவரைத் தேடினேன்.

"அப்பாவுக்கு இந்த ரெண்டு வெரலு நீட்ட வராது. வலைக்கயிறு இழுத்து அறுத்தது. அம்மா அழுவறதுல பாக்கல."

"என் கைதாம்மா" என்றேன்.

படத்தைப் போட்டுக் கொடுக்கக் கவரை நீட்டிக்கொண்டிருந்தேன். கவர் என் கையில் சலசலத்தது. அவள் அதையே பார்த்தாள்.

"உங்களுக்கும் அப்பா மாரியே ஆடுதே" என்றாள். "அப்புறம் படத்துல மட்டும் எதுக்குண்ணா நிறுத்திட்டீங்க?"

பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினேன். அந்தப் புகைமேல் விரலை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை. இதையே ஒரு பிரிண்ட் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். ரோட்டுப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "வேணாண்ணா. அம்மா திரும்பவும் கை இல்லன்னு அழுவும்" என்றாள். ஒட்டின படத்தைக் கவரில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று முகூர்த்தம்தான் எடுத்தேன். பட்டனைப் பாதி அழுத்தியதும் எல்லாம் அடங்கி நிற்குமே, அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதற்குள் எது ஆடிக்கொண்டிருக்கிறது என்று தேடித் தேடி முடிச்சைத் தவறவிட்டேன். கடையை மூடிவிட்டேன். லென்ஸை யாருக்கும் விற்கவில்லை. இப்போது கை இன்னும் மோசம். சட்டைப் பித்தானைக்கூடச் சாரதாதான் போட்டுவிடுகிறாள். மரக்காணம் பக்கத்தில் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தில், ஒரு பெண்ணின் தலைமேல், என் கை ஆடாமல் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.